பத்து மாச அட்வான்ஸ்: ஒரே பிட்டைப் பிரிச்சு மேய்வோம்

மைக்செக் | இந்திராநகர் | சனி காலை 10:12

தமிழ் ஓப்பன் மைக்கில் (யாரும் மேடையேறிப் பேசலாம் என்கிற ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சி) ஒரு பிட், அதாவது ஒரு ஜோக் துண்டு, விழவில்லை என்றால் "ஐடியாவே மொக்கை" என்று உடனே தூக்கிப் போட்டுவிடுகிறோம். பல நேரம் ஐடியாவில் குறையே இருக்காது. சொல்லை அடுக்கிய விதத்திலும் சொன்ன விதத்திலும்தான் இருக்கும். பொதுப்படையாகப் பேசினால் இது யாருக்கும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு பிட்டை மேசை மேல் வைத்துப் பிரிப்போம். பெங்களூரில் குடியிருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம், வீட்டு அட்வான்ஸ்.

"பெங்களூர்ல வீடு வாடகைக்கு எடுக்கணும்னா ஓனர் பத்து மாச வாடகையை அட்வான்ஸா கேப்பாங்க. நம்ம அம்மா நம்மளை வயித்துல வெச்சிருந்ததும் பத்து மாசம்தான், ஆனா அவங்க ஒரு ரூபா வாடகை வாங்கலையேன்னு எனக்குத் தோணுச்சு."

முடிச்சு நல்ல முடிச்சு. பத்து மாசம் அட்வான்ஸுக்கும் பொருந்துகிறது, கர்ப்பத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் இப்படியே சொன்னால் முன்வரிசையில் நாலு புன்னகைதான் வரும். எங்கே வெட்டணும், எங்கே திருப்பணும்? அவங்கவங்க கருவியோட வாங்க. மேடை அனுபவக் கதைகள் வேண்டாம், வேலை நுணுக்கம் மட்டும் போதும்.

வல்லினம் | ஜெயநகர் | சனி காலை 10:55

மூணு இடத்தில் காற்று இறங்குது.

முதல் இடம் முடிவு. கேட்பவர் மனசில் படம் மாறுகிற சொல் "அம்மா". அது வந்த பிறகு இன்னும் 13 சொல் ஓடுது, கடைசியில் "தோணுச்சு" என்று முடியுது. படம் மாறின இடத்திலேயே சிரிப்பு கிளம்பிடும். அதுக்கு மேல் நீங்கள் பேசப் பேச, "இன்னும் ஏதோ வருது போல" என்று கூட்டம் சிரிப்பை அடக்கிக்கும். அடக்கின சிரிப்பு திரும்ப வராது.

ரெண்டாவது, "வயித்துல". முடிச்சு அவிழ்கிறதுக்கு முன்னாடியே அவிழ்த்துக் காட்டிடுது. மூணாவது, "ஆனா". இங்கே ஒரு திருப்பம் வருது என்று போர்டு மாட்டின மாதிரி.

தமிழில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரக் காரணம் நம்ம இலக்கணம். வினை கடைசியில் வரும். வியப்பைச் சுமக்கிற சொல்லோ பெரும்பாலும் பெயர்ச்சொல். அதனால் வாக்கியத்தை இயல்பாக எழுதினால் பஞ்ச், அதாவது சிரிப்பைக் கிளப்புற சொல், நடுவில் மாட்டிக்கும், வால் மாதிரி ஒரு வினை பின்னாடி தொங்கும். இதுக்கு மருந்தும் இலக்கணத்திலேயே இருக்கு. வினையைப் பெயராக்கி முன்னாடி தள்ளிட்டா பெயர்ச்சொல் கடைசிக்கு வந்துடும். "அவன் தண்ணி கேட்டான்" என்பதை "அவன் கேட்டது தண்ணி" என்று திருப்புகிற மாதிரி. இல்லைன்னா பெயரெச்சமா அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஆளைக் காட்டலாம். கேட்பவர் "யாரு, யாரு" என்று காத்திருப்பார். இந்த வசதி நம்ம மொழியில் தாராளமா இருக்கு, பயன்படுத்தணும்.

வெட்டித் திருப்பினா:

"பெங்களூர்ல வீடு வேணுமா? பத்து மாச அட்வான்ஸ். பத்து மாசம் பைசா வாங்காம தங்க வெச்ச ஒரே ஓனர்... அம்மா."

25 சொல் 15 ஆச்சு. "உள்ள வெச்சிருந்த" என்று போடலாமான்னு யோசிச்சேன். "உள்ள" பாதி ரகசியத்தைச் சொல்லிடும். "தங்க வெச்ச" என்றால் வாடகை வீடுதான் கண்ணில் நிற்கும். பத்து, பைசா ரெண்டும் மோனை, காதில் ஒட்டிக்கும்.

கோரமங்களா_கீழ்வீடு | சனி காலை 11:20

வல்லினம் அண்ணே, ஆள் பேசுற மாதிரி வர்ற பிட்டில் என்ன பண்றது? "‘தண்ணி நேத்தே வந்துச்சே’னு ஓனர் சொன்னாரு." இதில் "னு சொன்னாரு"வைத் தூக்கவும் முடியல, யார் பேசினதுன்னும் தெரியணும்.

வல்லினம் | சனி காலை 11:48

தமிழ்க் காமெடியில் அதிகமா சிரிப்பைக் கொல்றது இந்த "-ன்னு சொன்னாரு"தான். "வந்துச்சே"யில் சிரிப்பு கிளம்புது, அதுக்கு மேல் "னு ஓனர் சொன்னாரு" என்று ஆறு அசை ஏறி மிதிக்குது.

பேசினவரை முன்னாடி வைங்க, நிகழ்காலத்தில் வைங்க. "மூணு நாளா தண்ணி வரலைங்க. ஓனர் சொல்றாரு... 'நேத்தே வந்துச்சே.'" திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ற பெரியவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. "அவன் சொல்றான்", "இவ கேக்குறா" என்று. எழுத உட்கார்ந்தா மட்டும் நமக்கு மறந்து போகுது.

இன்னும் கூர்மையா வேணும்னா பேரே சொல்லாதீங்க, நடிச்சுக் காட்டுங்க. கீழ்வீட்டுக்காரர் பேசும்போது முகம் மேலே பார்க்கணும், மாடியில் இருக்கிற ஓனர் பேசும்போது கீழே குனியணும். ஓனருக்கு வலப்பக்கம் என்று முடிவு பண்ணிட்டா அந்த பிட் முடியுற வரை வலப்பக்கம்தான். நடுவில் பக்கம் மாறினா யார் பேசுறாங்கன்னு கூட்டம் கணக்குப் போட ஆரம்பிச்சுடும், அந்த ஒரு வினாடியில் பஞ்ச் கடந்து போயிடும்.

ஃபேடர் | ஒலிக்காரன், பிரேசர் டவுன் | சனி மதியம் 12:30

சொல் அடுக்கு சரி. அந்தச் சொல் கடைசி வரிசைக்குக் கேக்குதான்னும் பாருங்க.

பேச்சுத் தமிழில் வாக்கியம் முடியும்போது குரல் இறங்கும். அதோட "ம்", "ன்" என்று முடியுற சொல்லெல்லாம் மூக்கோசையா கரைஞ்சுடும். "பணம்" என்று எழுதுறோம், வாயில் வர்றது "பணோ" மாதிரி ஒரு சத்தம். "அவன்" என்பதும் அப்படியே. அமைதியான அறையில் இது தெரியாது. காபி மெஷின் ஓடுற கஃபேயில் அந்தக் கடைசி மூக்கோசை மைக்கில் ஏறவே ஏறாது. பஞ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தா, முழு உயிரில் முடியுறதா எடுங்க. "அம்மா" அந்த வகையில் பிரமாதம். நடுவில் "ம்ம" அழுந்துது, கடைசியில் "ஆ" திறக்குது.

மூச்சு அடுத்த விஷயம். பெரும்பாலானவங்க செட்டப்புக்கு (பஞ்சுக்கு வழி போடுற வரிகளுக்கு) முன்னாடி ஆழமா இழுத்துட்டு, பஞ்ச் வர்றப்போ காத்து தீர்ந்து போய் நிக்கிறாங்க. மூச்சைப் பஞ்சுக்கு முன்னாடி எடுங்க. சத்தமில்லாம, மூக்கால. இந்த பிட்டில் "ஓனர்"க்கு அப்புறம்.

மைக் பிடிக்கிறது. ஓப்பன் மைக்கில் பெரும்பாலும் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்தான் இருக்கும். வாய்க்கும் வலைக்கும் ரெண்டு விரல் இடைவெளி, கொஞ்சம் சாய்வா, தாடைப் பக்கத்திலிருந்து. நேருக்கு நேர் வெச்சா "பத்து", "பைசா" எல்லாம் டப்பு டப்புன்னு அடிக்கும். வலையை உள்ளங்கையால் பொத்தாதீங்க. ஸ்டைலா இருக்கலாம், ஆனா மைக் எந்தத் திசையில் கேக்கணும்னு இருக்கிற அமைப்பே கெட்டுப் போயி ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும், ஊளையிடும். ஸ்டாண்டை எடுத்துப் பின்னாடி வைங்க. நமக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பி நிக்க வேண்டாம்.

காபி மெஷினில் ஆவி சீறுற சத்தம் வந்தா பஞ்சைப் பிடிச்சு வைங்க. செட்டப்போட கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லலாம், தப்பே இல்லை. பஞ்சை ரெண்டு தடவை சொல்ல முடியாது.

அல்சூர்_ஏரிக்கரை | சனி மதியம் 1:05

"ஓனர்"க்கு அப்புறம் நிறுத்தணுமா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இப்போது எல்லாரும் பஞ்சுக்கு முன் நிறுத்துகிறார்கள். கூட்டமும் பழகிவிட்டது. நிறுத்தினால் "இதோ வருது" என்று தெரிந்துவிடுகிறது. கவுண்டமணி நிறுத்தினாரா? வேகமாக ஏறி, அதே வேகத்தில் அடித்துவிட்டுப் போவார். அந்த வேகம்தான் சிரிப்பு.

சபா_டிக்கெட் | மல்லேஸ்வரம் | சனி மதியம் 1:40

ஏரிக்கரை சார், ரெண்டும் சரிதான், வேலை வேற. கவுண்டமணி பாணியில் எதிரே ஒரு ஆள் இருக்கார். செந்தில் முகத்தில் ஒன்றும் தெரியாது. குரல் ஏறாது, இறங்காது. இவர் சூடேறச் சூடேற அவர் அதே பதத்தில் நிற்பார். 1989-ல் வந்த அந்த வாழைப்பழக் காட்சியை இன்னொரு தடவை சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்க. கேள்வி மாறாது, பதில் மாறாது, செந்தில் குரல் சுருதி மாறாது. ஏறுறது கவுண்டமணி ஒருத்தர்தான். அங்கே இடைவெளி வேண்டியதில்லை, எதிராளியின் அமைதியே இடைவெளி. தனியா நிற்கிற ஸ்டாண்ட்-அப்காரருக்கு அந்த எதிராளி இல்லை. அவரே தனக்குச் செந்திலாகவும் இருக்கணும். அதுக்குத்தான் நிறுத்தம்.

நிறுத்தம் அரை வினாடி. மனசுக்குள் "ஒண்ணு" என்று முழுசாச் சொன்னா அதுவே அதிகம். நின்றால் முழு உடம்பும் நிக்கணும். கை ஆடக் கூடாது, கண் தரையைப் பார்க்கக் கூடாது, உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்க்கவே கூடாது. சிரிப்பைக் காட்டிக் கொடுக்கிறது பெரும்பாலும் அந்த உதடுதான், நிறுத்தம் இல்லை.

நாடக மேடையில் இன்னொரு பாடம் இருக்கு. கிரேசி மோகன் (1952–2019) கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிச்சவர். வசனமும் பல்சக்கரம் மாதிரியேதான் போகும். ஒரு பாத்திரம் பேசின கடைசிச் சொல்லை அடுத்த பாத்திரம் வேறு அர்த்தத்தில் கவ்வும், அதன் கடைசிச் சொல்லை இன்னொருத்தர் கவ்வுவார். அப்படி எழுதினதை நடிக்கும்போது பெரிய ஆபத்து என்னன்னா, சிரிப்புச் சத்தத்தில் ஒரு பல் உடைஞ்சா அடுத்த நாலு பல்லும் பிடிக்காது. அதனால் சிரிப்பு அடங்குறவரைக்கும் நடிகர் ஏதாவது சின்ன வேலை செய்வார். கண்ணாடியைத் துடைப்பார், துண்டை உதறுவார். சும்மா நின்னு காத்திருந்தா "சிரிங்க, நான் காத்திருக்கேன்" என்கிற மாதிரி ஆயிடும். ஸ்டாண்ட்-அப்பில் அந்த வேலை பார்வைதான். ஓனரைப் பார்த்த முகத்தை அப்படியே வைச்சுக்கிட்டு நிக்கலாம்.

எப்போ மறுபடி பேசணும்? சிரிப்பு உச்சிக்குப் போயி, பாதிக்கு இறங்கும்போது. முழுசா அடங்க விட்டா மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏத்தணும். உச்சியில் இருக்கும்போதே பேசினா அடுத்த வரி யாருக்கும் கேக்காது, அடுத்த தடவை சத்தமாச் சிரிக்கவும் தயங்குவாங்க.

சிரிப்பே வரலைன்னா காத்திருக்கக் கூடாது. அதே நடையில் அடுத்த வரிக்குப் போயிடணும். கூட்டத்துக்கு அது ஒரு ஜோக் என்றே தெரியாம போயிடும்.

மாட்டுங்கா_மாமி | மும்பை | சனி மதியம் 2:15

சபா டிக்கெட் சொன்ன கணக்கு அறைக்கு அறை மாறும். நாற்பது நாற்காலி கஃபேயில் சிரிப்பு ஒரே வெடியா வந்து போயிடும். எங்க சண்முகானந்தா ஹால் மாதிரி 2,700 இருக்கைக்கு மேல் உள்ள இடத்தில் அது அலையா வரும். கீழே அடங்கும்போதுதான் பால்கனி சிரிக்கும். அங்கே முன்வரிசையைப் பார்த்து அடுத்த வரியை எடுத்தா பால்கனிக்காரங்க தலையில் ஏறி நடக்கிற மாதிரி. ஒரு வால் (பஞ்சுக்குப் பின்னாடி ஒட்டுற கூடுதல் அடி) குறைச்சுக்கோங்க, நிறுத்தத்தை நீட்டுங்க.

நூற்பா | அல்சூர் | சனி மாலை 4:30

சபா டிக்கெட் அவர்கள் வாழைப்பழக் காட்சியைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் நிற்பது நகை, அதாவது சிரிப்பு. அது பிறக்கும் இடம் நான்கு: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன். இதை ஏட்டுப் படிப்பாக நினைக்க வேண்டாம், பிட் எழுதுகிறவருக்கு நேரடியாக உதவும்.

மடன் என்பதற்கு உரையில் வரும் விளக்கம், "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை". ஒருவர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் விடாமல் இருப்பது. "அந்த இன்னொண்ணுதாண்ணே இது" என்று நிற்பது மடன் அல்லாமல் வேறென்ன! பேதைமை என்பது கேட்டதை ஆராயாமல் மெய் என்று நம்பிவிடுவது. வடிவேலு பாத்திரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் உலவுகின்றன. ஊரையே அடித்துவிடுவேன் என்று தொடங்கும் குரல் அதே வரியின் முடிவில் முனகலாக இறங்கும். அந்த இறக்கத்தில்தான் நாம் சிரிக்கிறோம்.

எள்ளலுக்கு உரைகாரர்கள் இரு பக்கம் காட்டுகிறார்கள்: தான் பிறரை எள்ளுவது, பிறரால் தான் எள்ளப்படுவது. பிட் எழுதி முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இங்கே எள்ளப்படுகிறவர் யார்? நம் பிட்டில் ஓனர் எள்ளப்படுகிறார், ஆனால் அம்மா உயர்கிறார். சிரிப்போடு ஒரு நெகிழ்ச்சியும் வருவதால் கூட்டம் நம் பக்கம் வந்துவிடும். இதே முடிச்சில் "அம்மாவும் வாடகை கேட்டிருந்தா" என்று எழுதியிருந்தால் அம்மாவும் எள்ளலுக்குள் வந்துவிடுவார். ஒரு "உம்" போதும், பிட்டின் திசையே மாறிவிடும்.

கோரமங்களா_கீழ்வீடு | சனி மாலை 5:02

உம்-மைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க சார்.

வல்லினம் | சனி மாலை 5:40

நூற்பா ஐயா தொட்டதை நான் நீட்டறேன். தமிழில் ஒட்டு எழுத்துதான் பாதி காமெடி. "மாமியார் சிரிச்சாங்க" சாதாரணச் செய்தி. "மாமியாரும் சிரிச்சாங்க" என்றால் வேறு யாரோ முன்னாடி சிரிச்சிருக்காங்க, இவங்க சிரிக்கிறது அபூர்வம். "மாமியாரே சிரிச்சாங்க" என்றால் நிலைமை அவ்வளவு மோசம். ஒரே ஒரு எழுத்துக்குள் ஒரு செட்டப் முழுசா அடங்கிடுது. வெட்டும்போது இந்த ஒட்டுகளைத் தெரியாம வெட்டிடாதீங்க.

எதிரொலிச் சொல்லும் அப்படி. பணம் கிணம், காபி கீபி. குறிலுக்குக் "கி", நெடிலுக்குக் "கீ". பெரிய சொல்லோட பந்தாவை இறக்க இதை மிஞ்சினது இல்லை. "அக்ரிமெண்ட் கிக்ரிமெண்ட் எல்லாம் இருக்குதானே?" என்று ஓனர் கேட்கும்போது அந்தப் பத்திரமே காகிதமாயிடும். ஆனா ஒரு செட்டில் ஒரு தடவை. ரெண்டாவது தடவை காது பழகிடும்.

நம்ம இன்னொரு சொத்து, எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனியா இருக்கிறது. செட் முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதணும், "இருக்கிறது" என்று எழுதி வெச்சு "இருக்கு" என்று சொல்ல முயன்றா நாக்கு தடுக்கும், செய்தி வாசிக்கிற தொனி வந்துடும். அப்படிப் பேசிக்கிட்டே இருக்கும்போது ஓனர் ஒட்டின நோட்டீஸ் மட்டும் செந்தமிழில் வரட்டும். "இரவு பத்து மணிக்கு மேல் நீர் புழங்கலாகாது." புழங்கலாகாது என்கிற அந்த ஒரு சொல், குழாயடிச் சண்டைக்கு அரசாணை அந்தஸ்து குடுக்குது. ல, ழ சுத்தமா உச்சரிக்கணும். மழுப்பினா போச்சு.

மைக்செக் | சனி இரவு 8:15

பெங்களூரில் முக்கியமான ஒன்று இன்னும் வரவில்லை. கலப்புக் கூட்டம். தமிழ் ஷோ என்று போட்டாலும் நாலு பேர் கன்னடக்காரரோ தெலுங்குக்காரரோ நண்பரோடு வந்திருப்பார்கள். சிலர் அரைத் தமிழில் சமாளிப்பார்கள். இந்த பிட் அவர்களுக்கு விழுமா?

அல்சூர்_ஏரிக்கரை | சனி இரவு 8:50

இந்த பிட் விழாது. காரணம் எண். தமிழில் "பத்து மாசம் சுமந்து பெத்தவ" என்றுதான் வழக்கு. இந்தியில் ஒன்பது மாசம். கன்னடத்திலும் ஒன்பது, நவமாசம் என்பார்கள். நாற்பது வாரம், 280 நாள் என்பதை 28 நாள் மாசமாக எண்ணினால் பத்து, காலண்டர் மாசமாக எண்ணினால் ஒன்பது சொச்சம். தமிழ்க் காதுக்குப் பத்து மாசம் என்றதுமே சுமந்த வயிறு தயாராக இருக்கிறது. மற்ற காதுக்கு அது வெறும் எண். இந்த பிட்டை இந்தியில் மாற்றிச் சொல்ல முயன்றால் கணக்கே உதைக்கும்.

இரு மொழிக் காதுக்கு என்றே தனி பிட் வேண்டும். கன்னடத்தில் போதும் என்பதற்கு "சாகு". தமிழ்க் காதில் அது சாக்கு. பரிமாறுகிறவரிடம் "சாகு, சாகு" என்றால் நம் ஆள் "சாக்கு சொல்லாதீங்க, சாப்பிடுங்க" என்பார். வேண்டாம் என்பதற்கு "பேட". இனிப்புக் கடையில் அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இவை விழுவதற்குக் காரணம் இரு பக்கமும் ஒரே நொடியில் புரிவது. யாரும் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு தொடங்கிய இடத்தில் அறையின் சிரிப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

இங்கே நூற்பா ஐயா சொன்ன எள்ளல் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். தவறாகப் புரிந்துகொள்கிறவன் தமிழனாக இருக்கட்டும். கன்னடக்காரர் பேச்சைக் கோணலாகச் செய்து காட்டி இந்த ஊரில் சிரிப்பு வாங்குவது அநாகரிகம். நாம் குடியிருக்கும் ஊர், அவர்கள் மொழி. தொழிலாகப் பார்த்தாலும் நட்டம்தான். அறையில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டுவிடுவார்கள்.

மைக்செக் | சனி இரவு 9:10

இன்னொரு கேள்வியும் இதோடு சேர்ந்தது. இப்போது ஐந்து மாசம், ஆறு மாசம் வாங்குகிற ஓனர்களும் நிறைய. மூணு மாசம் கொடுத்துக் குடியேறியவர் "பத்தா? எங்க?" என்று மனசுக்குள் கேட்டால்?

சபா_டிக்கெட் | சனி இரவு 9:25

கேட்டா சிரிக்க மாட்டார். செட்டப்பில் பொய் இருக்கக் கூடாது. பொய்க்கு இடம் பஞ்சில்தான். "இன்னும் சில ஓனருங்க" என்று போடுங்க. அந்த "இன்னும்" எல்லாரையும் வாயடைச்சுடும்.

வல்லினம் | சனி இரவு 9:58

ஆமா, அதுவே நல்லது. இப்போ வால்.

பஞ்ச் விழுந்ததும் புது செட்டப் இல்லாம அதே படத்தில் இன்னொரு அடி. இங்கே படம் "வயிறு ஒரு வாடகை வீடு". அந்த வீட்டில் வேற என்னென்ன நடக்கும் என்று எழுதிப் பாருங்க: கரண்ட் பில், தண்ணி, பெயிண்ட், காலி பண்றது, ஷேரிங் (ஒரே அறையைப் பகிர்ந்து தங்குறது). ஒவ்வொன்றுக்கும் வயித்தில் ஒரு இணை இருக்கான்னு பாருங்க. கரண்டுக்கு இல்லை, விடுங்க. தண்ணிக்கு இருக்கு, ஆனா பனிக்குடம் வரைக்கும் போகணும், சிரிப்பு அருவருப்பா மாறிடும். பெயிண்டுக்குப் பிரமாதமா இருக்கு. இந்த ஊரில் காலி பண்ணும்போது பெயிண்ட் என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு மாச வாடகையைப் பிடிக்கிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும்.

"காலி பண்றப்ப பெயிண்டுக்குக்கூட காசு பிடிக்கல. உள்ள அத்தனை உதை... சுவத்துல."

"பிடிக்கல" என்பதைக் கவனிங்க. அம்மாவை "அவ" என்பதா "அவங்க" என்பதா என்று ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரு ஊர்க்காரருக்குப் பாசம், இன்னொருத்தருக்கு மரியாதைக் குறைவு. "பிடிக்கல"வில் திணை, பால், மரியாதை எதுவும் இல்லை. எந்த ஊர்க்காரரும் நெளிய மாட்டார். அப்புறம் மூணாவது வால், "ரெட்டைப் பிள்ளையா? டபுள் ஷேரிங்." இதோட நிறுத்திக்கணும். நாலாவது வால் சிரிப்பைக் கெஞ்சி வாங்குற மாதிரி ஆயிடும்.

ஃபேடர் | சனி இரவு 10:20

"சுவத்துல" வாக்கியம் முடிஞ்சப்புறம் ஒட்டின சொல் மாதிரி வருது. அந்த இடத்தில் குரல் தானா தணியும். தனி மூச்சு குடுத்து, "சு"வை அழுத்திச் சொன்னாதான் மேலே நிக்கும். இல்லைன்னா "உதை"யோட நிறுத்திடுங்க.

சபா_டிக்கெட் | ஞாயிறு காலை 9:05

இந்த பிட்டுக்கு ஒரு கால்பேக் (முன்னாடி சொன்ன ஜோக்கைப் பின்னாடி திரும்பத் தொடறது) தானா அமையுது, வீணாக்காதீங்க. ரெண்டு தலைப்பு தள்ளி சில்க் போர்டு டிராஃபிக் பேசுறீங்கன்னு வைங்க. 500டி பஸ், நெரிசல், முழங்காலால் இடி, பையால் உதை. "47 நிமிஷம் உள்ளேயே சுருண்டு நிக்கிறோம். இறங்கறப்ப கண்டக்டர் கேக்கல... பெயிண்டுக்கு."

முக்கால் மணி நேரம் என்று சொல்லாதீங்க. உருண்டை எண் கேட்டா காது தூங்கும். 47 என்றால் யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நின்னிருக்காங்க என்று தெரியும். "பஸ்" என்பதைவிட 500டி ஏன் விழும்? அவுட்டர் ரிங் ரோட்டில் போயிருக்கிற ஒவ்வொருத்தர் உடம்பிலும் அந்த நம்பர் ஒட்டியிருக்கு.

கால்பேக்கில் "பெயிண்ட்" என்கிற ஒரு சொல் மட்டும்தான் திரும்பி வரணும். "முன்னாடி சொன்னேனே, அந்தப் பெயிண்ட்" என்று கைகாட்டக் கூடாது. தானா ஞாபகப்படுத்திக்கிற அந்தச் சந்தோஷத்துக்குத்தான் கூட்டம் சிரிக்குது. அதனால்தான் முதல் தடவை "பெயிண்டு" தெளிவாக் காதில் விழுந்தாகணும். அங்கே மழுப்பினா பத்து நிமிஷம் கழிச்சு இங்கே தண்டனை.

மாட்டுங்கா_மாமி | ஞாயிறு காலை 9:40

எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்கோ. மொபைலைக் கடைசி வரிசையில் வைக்காதேங்கோ, பேச்சுச் சத்தம்தான் ஏறும். மேடையிலிருந்து மூணாவது வரிசை சரியா இருக்கும். வீட்டுக்கு வந்து சொன்னதைச் சொன்னபடியே எழுதணும், எழுதி வெச்சதைப் பார்த்து இல்லை. சிரிப்பு வந்த இடத்தில் ஒரு கோடு, நல்ல சிரிப்புக்கு ரெண்டு. ரெண்டு கோட்டுக்கு நடுவில் 15 வினாடிக்கு மேல் போச்சுன்னா அங்கே ஏதோ கொழுப்பு இருக்கு. "வந்து", "பாத்தீங்கன்னா", "ஆக்சுவலி" எத்தனை என்று எண்ணிப் பாருங்கோ, அதிர்ந்து போவீங்க. அஞ்சு நிமிஷ ஸ்லாட்டுக்கு 400 சொல் எழுதினா போதும், மீதி சிரிப்புக்கும் மூச்சுக்கும். 600 எழுதிண்டு போனா கடைசி நிமிஷ லைட்டைப் பார்த்ததும் வேகம் பிடிப்பீங்க, உங்களோட நல்ல பஞ்ச் அந்த ஓட்டத்தில்தான் அடிபடும்.

ஒரு தடவை விழலைன்னு பிட்டை மாத்தாதேங்கோ. மூணு வேற வேற கூட்டத்தில் ஒரு எழுத்து மாத்தாம சொல்லிட்டு, அப்புறம் ஒரே ஒரு இடத்தை மாத்துங்கோ. ஒரே நாளில் நாலு இடத்தை மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

மைக்செக் | ஞாயிறு காலை 11:30

எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒரு கோடு சிறு நிறுத்தம், இரண்டு கோடு அரை வினாடி, மூச்சோடு.

"பெங்களூர்ல இன்னும் சில ஓனருங்க அட்வான்ஸ் கேக்குறது / பத்து மாசம். /
பத்து மாசம் / பைசா வாங்காம தங்க வெச்ச ஒரே ஓனர் // அம்மா.
(பாதி அடங்கியதும்) காலி பண்றப்ப பெயிண்டுக்குக்கூட காசு பிடிக்கல. / உள்ள அத்தனை உதை // சுவத்துல.
ரெட்டைப் பிள்ளையா? / டபுள் ஷேரிங்."

வல்லினம் | ஞாயிறு மதியம் 12:10

ஒரு கோடு தப்பு, மைக்செக். ரெண்டாவது வரியில் "பத்து மாசம்" முடிஞ்சதும் நிறுத்தம் போட்டிருக்கீங்க. அட்வான்ஸுக்காக ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லி, அங்கே நிறுத்தினா, தமிழ்க் காது "சுமந்து" என்று தானே முடிச்சுடும். ஏரிக்கரை சார் சொன்ன அந்த வழக்கே நம்மளைக் காட்டிக் குடுத்துடும். உங்களுக்கு முன்னாடி மூணாவது வரிசை அம்மாவிடம் போய்ச் சேர்ந்துடும். "பத்து மாசம் பைசா வாங்காம தங்க வெச்ச ஒரே ஓனர்" வரைக்கும் ஒரே மூச்சு, ஒரே சுருதி. ஓனர் ஒருத்தரைப் புகழ்றீங்கன்னுதான் அதுவரைக்கும் எல்லாரும் நம்பணும்.

முதல் வரியில் "ஓனருங்க" இருக்கிறதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் எடுத்துடாதீங்க. அர்த்தம் மாறப் போற சொல் முன்னாடியே ஒரு தடவை சாதாரண அர்த்தத்தில் வந்து போயிருக்கணும்.

மைக்செக் | ஞாயிறு மதியம் 12:18

கோட்டை எடுத்துவிட்டேன்.

"பத்து மாசம் பைசா வாங்காம தங்க வெச்ச ஒரே ஓனர் // அம்மா."